மாத்திரை இருக்கு... ஆனா தரமாட்டேன்!

2019 ஜனவரி. அமெரிக்காவின் வடக்குக் கோடியில் இருக்கும் மின்னசோட்டா மாநிலம். குளிர் என்றால் நம்ம ஊர் மார்கழிக் குளிர் இல்லை. ஃப்ரிஜ்ஜுக்குள் போய் உட்கார்ந்தால் கொஞ்சம் கதகதப்பாக இருக்குமே என்று ஏங்க வைக்கிற குளிர்!

அங்கே மெக்ரெகர் என்று ஒரு சின்ன ஊர். மக்கள்தொகை நானூறைத் தொடாது. நம் கணக்கில் அது ஊரே இல்லை. இரண்டு பிளாக் அபார்ட்மென்ட். ஊருக்கு இருப்பது ஒரே மருந்துக்கடை.

ஐந்து குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண்மணி அந்தக் கடைக்கு ஃபோன் செய்கிறார். ஆணுறை கிழிந்துவிட்டது. ஆறாவது வேண்டாம் என்று டாக்டரிடம் பேசி, அவசரக் கருத்தடை மாத்திரைக்குச் சீட்டு வாங்கியாயிற்று. இந்த மாத்திரைக்கு 5 நாள்தான் கெடு. எவ்வளவு சீக்கிரம் விழுங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

மறுமுனையில் பார்மஸிஸ்ட் சொல்கிறார். "ஸாரி மேடம். என்னால் தர முடியாது."

"ஏன், ஸ்டாக் இல்லையா?"

ஸ்டாக் பிரச்னை இல்லை. 'என் நம்பிக்கைக்கு விரோதம்' என்கிறார். அவர் வாரநாளில் மருந்து கொடுப்பவர்; உள்ளூர் சர்ச்சில் பிரசங்கமும் செய்பவர். வேறொரு பார்மஸிஸ்ட் நாளைக்கு வந்தாலும் வரலாம், ஆனால் பனிப்புயல் வருகிறது, சொல்ல முடியாது என்று ஒரு தகவலையும் சேர்த்துச் சொன்னார்.

அம்மணி பக்கத்து ஊர்க் கடைக்கு முயன்றார். அங்கேயும் கை விரித்தார்கள். கடைசியில் பிரெய்னெர்ட் என்ற ஊரில் கிடைத்தது. போக வர 100 மைல். நம் கணக்கில் 160 கிலோமீட்டர். புயலுக்கு நடுவே, வழுக்கும் சாலையில், மூன்று மணி நேரத்துக்கு மேல் காரை ஓட்டிப் போய் ஒரே ஒரு மாத்திரை வாங்கி வந்தார்.

வந்ததும் வழக்குப் போட்டார். அமெரிக்கா இல்லையா!

2022 ஆகஸ்ட்டில் ஜூரிகள் ஒரு வினோதமான தீர்ப்புச் சொன்னார்கள். 'பார்மஸிஸ்ட் பாகுபாடு எதுவும் காட்டவில்லை. ஆனால் அந்த அம்மாவின் மனசைப் புண்படுத்தியது நிஜம். அதற்கு 25 ஆயிரம் டாலர்.' பாகுபாடே இல்லை என்று முதல் வரியில் சொல்லிவிட்டதால், இரண்டாவது வரியில் சொன்ன பணம் கைக்கு வருமா என்பதே சந்தேகமாகிவிட்டது. இலை போட்டு, நெய் ஊற்றி, சாதம் மட்டும் போடாத கதை. அப்பீலுக்குப் போனார்கள். 2024 மார்ச்சில் அப்பீல் கோர்ட், கருவைப் பாதிக்கலாம் என்ற காரணத்துக்காக அவசரக் கருத்தடை மாத்திரையைத் தர மறுப்பது அந்த மாநிலச் சட்டப்படி பெண் என்பதால் காட்டும் பாகுபாடுதான் என்று சொல்லி, வழக்கைத் திரும்பக் கீழே அனுப்பியது.

இதைப் படித்ததும் நம்மில் பலருக்குச் சட்டென்று வாயில் வருவது ஒன்றுதான். "அவ்வளவு பக்தி இருந்தா வேற வேலைக்குப் போக வேண்டியதுதானே!"

எனக்கும் அதுதான் வந்தது. கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் அந்த பார்மஸிஸ்ட்டின் கவலை என்ன என்று பார்ப்போம். கருத்தடையை மறுப்பவர்கள் எல்லாரும் ஒரே ரகம் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1968 ஜூலையில் போப் ஆறாம் பால் வெளியிட்ட சுற்றுமடலில், செயற்கைக் கருத்தடை எதுவானாலும் கூடாது என்று சொல்லிவிட்டது. மாத்திரை, ஆணுறை, ஆபரேஷன் எல்லாம் அவுட். இது ஒரு ரகம். புராட்டஸ்டன்ட் பிரிவுகளில் பலருக்கு ஆணுறையில் ஆட்சேபணை இல்லை. ஆனால், கரு உருவான பிறகு அதைத் தடுக்கிற எதுவும் உயிரைப் பறிப்பதற்குச் சமம் என்று நினைக்கிறவர்கள் அவர்களிலும் உண்டு. அவசர மாத்திரை அப்படிச் செய்துவிடுமோ என்பது அவர்கள் பயம்.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது? இந்த மாத்திரைகளின் முக்கிய வேலை, சினைமுட்டை வெளியே வருவதைத் தள்ளிப்போடுவது. மாப்பிள்ளை வீட்டார் வந்து காத்திருக்கும்போது பெண் அறையை விட்டு வெளியே வராமல் பார்த்துக்கொள்வது மாதிரி. ஏற்கெனவே கர்ப்பம் தரித்திருந்தால் அதைக் கலைக்காது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற வகை மாத்திரையின் அட்டையில் பல வருஷமாக 'கரு கருப்பையில் ஒட்டுவதையும் தடுக்கக்கூடும்' என்கிற மாதிரி ஒரு வரியை வைத்திருந்தது. 2022 டிசம்பரில்தான் அதை எடுத்தது. ஆக, அத்தனை வருஷம் அரசாங்கம் ஒப்புக்கொண்ட அட்டையைப் படித்துவிட்டுத்தான் சிலர் பயந்தார்கள். அவர்களை மட்டும் முட்டாள் என்று திட்டுவது நியாயம் இல்லை.

இன்னொரு வேடிக்கை. 1960-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கருத்தடை மாத்திரையை மனிதர்களிடம் சோதித்துப் பார்த்த முக்கியமான டாக்டர் யார் தெரியுமா? ஜான் ராக். தினமும் காலையில் சர்ச்சுக்குப் போகிற அக்மார்க் கத்தோலிக்கர்! மாத்திரை என்பது இயற்கையாக உடம்பிலேயே இருக்கும் ஹார்மோன்தானே, பாதுகாப்பான நாட்களைக் கொஞ்சம் நீட்டுகிறது, அவ்வளவுதான், போப் ஒப்புக்கொள்வார் என்று நம்பி 1963-ல் புத்தகமே எழுதினார். போப் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே மதம், ஒரே பைபிள். ஒருவர் மனசாட்சி மாத்திரையைக் கண்டுபிடிக்கச் சொன்னது. இன்னொருவர் மனசாட்சி அதைக் கையால் தொடாதே என்கிறது.

சட்டம் எப்படி நுழைந்தது என்பது தனிக் கதை. 1965 வரை, கனெக்டிகட் மாநிலத்தில் கல்யாணம் ஆன தம்பதிகள் கருத்தடைச் சாதனம் உபயோகிப்பதே குற்றம். 1879-ல் போட்ட சட்டம்! சுப்ரீம் கோர்ட் அதைத் தூக்கிப் போட்டது. கல்யாணம் ஆகாதவர்களுக்கு அந்த உரிமை 1972-ல்தான் வந்தது. அதே சமயம் மான்டானாவில் ஒரு பெண்மணி, பிரசவத்தோடு கருத்தடை ஆபரேஷனையும் செய்துகொள்ள விரும்ப, ஊரில் இருந்த கத்தோலிக்க ஆஸ்பத்திரி மறுத்தது. கோர்ட், செய்தே ஆக வேண்டும் என்றது. உடனே செனட்டில் எழுந்தார் ஐடஹோ மாநிலத்து ஃபிராங்க் சர்ச். (ஆமாம், அவர் பெயரே சர்ச்!) 1973-ல் அவர் கொண்டுவந்த திருத்தம் சட்டமாயிற்று. அரசாங்கப் பணம் வாங்குகிறது என்பதற்காக ஓர் ஆஸ்பத்திரியையோ டாக்டரையோ நர்ஸையோ, மத நம்பிக்கைக்கு விரோதமாகக் கருக்கலைப்பும் கருத்தடை ஆபரேஷனும் செய்யச் சொல்லி நிர்ப்பந்திக்கக் கூடாது.

அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் ஆபரேஷன் தியேட்டரை மனதில் வைத்து எழுதினார்கள். கவுன்ட்டரில் நின்று மாத்திரை எடுத்துத் தருகிறவரை அவர்கள் நினைத்திருப்பார்கள் என்று தோன்றவில்லை. சண்டை அங்கேதான் வந்தது.

விஸ்கான்சினில் நடந்ததைக் கேளுங்கள்.

2002-ம் வருஷம். ஒரு கல்லூரி மாணவி, மாதாமாதம் வாங்குகிற கருத்தடை மாத்திரைக்காக மெனோமனி என்ற ஊர்க் கடைக்கு வருகிறார். சனி, ஞாயிறு டியூட்டிக்கு வந்திருந்த பார்மஸிஸ்ட் கேட்கிறார். "இது கருத்தடைக்கா?" "ஆமாம்." "அப்படியானால் தர மாட்டேன்." சரி, வேறு கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்று மாணவி அடுத்த கடைக்குப் போகிறார். அங்கே இருப்பவர் முறைப்படி முதல் கடைக்கு ஃபோன் போட்டு, 'அந்தச் சீட்டு விவரத்தைக் கொடுங்கள், நான் கொடுத்து அனுப்புகிறேன்' என்கிறார்.

அதுவும் முடியாது என்றார் நம்மவர்!

ஏன்? பாவம் செய்கிறவனுக்கு வழி காட்டுவதும் பாவம் என்பது அவர் வாதம். 'நான் திருடமாட்டேன், ஆனா அடுத்த தெருவில் ஒருத்தன் நல்லாத் திருடுவான், அவன் அட்ரஸ் தரேன்' என்று சொல்ல முடியுமா? இதைச் சும்மா சிரித்துவிட்டுப் போக முடியாது. ஒருவர் நிஜமாகவே அது உயிர்க்கொலை என்று நம்பினால், அட்ரஸ் கொடுப்பதும் உடந்தைதான். அவர் கணக்கு அவருக்குச் சரியாகத்தான் வருகிறது. அந்தப் பெண்ணுக்கோ மாத்திரை தவறிப்போயிற்று. திங்கட்கிழமை வழக்கமான பார்மஸிஸ்ட் வந்த பிறகுதான் கிடைத்தது.

பார்மஸி போர்டு 2005-ல் அவரைக் கண்டித்து, லைசென்ஸுக்கு நிபந்தனைகள் போட்டது. 'நீ மறுத்ததற்காக இல்லை. மறுக்கப் போகிறேன் என்று முன்கூட்டி முழுசாகச் சொல்லாமல், அந்தப் பெண்ணை நட்டாற்றில் விட்டதற்காக' என்பதுதான் அதன் சாரம். 2008-ல் அப்பீல் கோர்ட்டும் அதையே ஆமோதித்தது.

நடுவில் அதே ஆசாமிக்கு வேறு ஒரு பெரிய கடையில் தற்காலிக வேலை கிடைத்தது. இந்த முறை மானேஜர் உஷார். 'கருத்தடை மாத்திரைச் சீட்டை நீ தொட வேண்டாம். டாக்டர் ஃபோனில் சொன்னால் எழுத வேண்டாம். கொடுக்க வேண்டாம். சரிபார்க்கக்கூட வேண்டாம். அப்படி யாராவது வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடு, போதும்.' இதைவிட ஒரு மானேஜர் என்னதான் செய்வார்?

ஃபோனில் யாராவது கருத்தடை மாத்திரை பற்றிக் கேட்டால், இவர் 'ஹோல்ட்'டில் போட்டுவிட்டு மறந்துவிடுவார். நேரில் வந்து நின்றால், சத்தமில்லாமல் நகர்ந்து போய்விடுவார். பக்கத்தில் இருப்பவருக்கும் தகவல் கிடையாது. கவுன்ட்டரில் நிற்கும் பெண் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதுதான். மானேஜர் இன்னும் ஒரு படி இறங்கி வந்தார். 'சரி, ஆண்களையும், பிள்ளை பெறும் வயதைத் தாண்டிய பெண்களையும் மட்டும் நீ கவனி.' அதுவும் போதாதாம். வருகிறவர்களை முன்னாலேயே வேறொருவர் விசாரித்து வடிகட்டி அனுப்ப வேண்டும் என்றார். கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வழக்குப் போட்டார். 2007-ல் தோற்றார். உன் நம்பிக்கைக்கு இடம் கொடுப்பது என்றால், உன் வேலை மொத்தத்தையும் பக்கத்து ஸீட்காரர் தலையில் கட்டுவது இல்லை என்பது கோர்ட்டின் கருத்து.

பக்கத்து ஸீட் என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார் என்று எனக்குத் தெரியும். எல்லா ஆபீஸிலும் ஒருவர் இருக்கிறார்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. ஊழியரின் மத நம்பிக்கைக்கு முதலாளி நியாயமான அளவுக்கு வளைந்து கொடுக்க வேண்டும். 'எவ்வளவு வளைவது?' என்பதில்தான் தகராறு. 1977-ல், சனிக்கிழமை ஓய்வுநாள் என்று சொன்ன ஒரு விமானக் கம்பெனி குமாஸ்தாவின் வழக்கில், சொற்பச் செலவுக்கு மேல் ஆனால் வளைய வேண்டாம் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. முதலாளிகளுக்குக் கொண்டாட்டம். 46 வருஷம் அப்படியே ஓடியது. பிறகு ஒரு தபால்காரர் வந்தார். பென்சில்வேனியாக்காரர். ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருக்கு, அன்றைக்கு அமேசான் பார்சல் சுமக்க மாட்டேன் என்றார். 2023 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகளும் ஒரே குரலில், 'சொற்பச் செலவு போதாது. தொழிலுக்குக் கணிசமான பாரம் என்று முதலாளி நிரூபிக்க வேண்டும்' என்று கயிற்றை ஊழியர் பக்கம் இழுத்துவிட்டார்கள்.

ஒரு தபால்காரரால் மருந்துக்கடைக்காரருக்கு என்ன லாபம் என்கிறீர்களா? இருக்கிறது.

அமெரிக்காவில் சிவிஎஸ் என்று ஒரு ராட்சத மருந்துக்கடைக் கம்பெனி. கடைகளுக்குள்ளேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட குட்டி கிளினிக்குகளை வைத்திருந்தது. டாக்டர் கிடையாது, மருந்து எழுதித் தரத் தகுதி பெற்ற 'நர்ஸ் பிராக்டிஷனர்'கள்தான். காய்ச்சல், தொண்டை வலி, தடுப்பூசி, கருத்தடை மாத்திரைச் சீட்டு. அவர்களில் சிலர், 'மற்றதெல்லாம் செய்கிறேன், அந்தச் சீட்டு மட்டும் எழுத மாட்டேன்' என்று சொல்லி, கம்பெனியும் பல வருஷமாகச் சரி என்றிருந்தது. ஆட்சேபணை உள்ளவர் பக்கத்தில் இருக்கும் சகாவிடமோ அடுத்த கிளினிக்குக்கோ அனுப்பிவிடுவார். விஸ்கான்சின்காரர் மாதிரி நட்டாற்றில் விடவில்லை.

2021 ஆகஸ்ட்டில் கம்பெனி திடீரென்று, 'இனிமேல் கருத்தடை ஆலோசனையும் மருந்தும் இந்த வேலையின் அடிப்படை அம்சம். யாருக்கும் விலக்கு இல்லை' என்றது. ஆறு வருஷத்துக்கு மேல் விலக்கோடு வேலை பார்த்த நர்ஸ்கூட வெளியே போக வேண்டியதாயிற்று. 2022 முதல் வர்ஜீனியா, டெக்ஸஸ், ஃப்ளோரிடா என்று மாநிலம் மாநிலமாக வழக்குகள் விழுந்தன.

இங்கேதான் என் முதல் ஆவேசம் கொஞ்சம் இறங்கியது. 'வேற வேலைக்குப் போ' என்பது, வேலைக்குச் சேரும்போது சொன்னால் நியாயம். ஒப்புக்கொண்டு சேர்த்து, ஆறு வருஷம் புகார் இல்லாமல் ஓட்டிவிட்டு, ஒரு சர்க்குலரில் தூக்கி எறிந்தால்? அந்த நர்ஸுக்கும் வீட்டு வாடகை உண்டு, பிள்ளைகள் ஸ்கூல் ஃபீஸ் உண்டு. கம்பெனி கொள்கை மாறுகிற வேகத்துக்கு மனசாட்சி மாறுமா?

ஒலிம்பியா நகரத்தில், ஒரு குடும்பம் நடத்துகிற மளிகைக்கடையோடு சேர்ந்த மருந்துக்கடை. முதலாளிகளே ஆட்சேபிப்பவர்கள்; அவசர மாத்திரையை ஸ்டாக்கே வைக்க மாட்டார்கள். வாஷிங்டன் மாநிலம் 2007-ல் ஒரு விதி போட்டது. இந்தச் சண்டையில் நான் பார்த்தவரைக்கும் புத்திசாலித்தனமான விதி அதுதான். பார்மஸிஸ்ட் என்கிற தனி மனிதர் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் கடை ஒதுங்கக்கூடாது. அதே கடையில் இன்னொருவர் உடனே எடுத்துக் கொடுக்க வேண்டும். மனசாட்சி மனிதருக்குத்தான், கல்லாப்பெட்டிக்கு இல்லை! குடும்பம் கோர்ட்டுக்குப் போய், 2012-ல் ஜெயித்து, 2015-ல் அப்பீலில் தோற்றது. 2016-ல் சுப்ரீம் கோர்ட் வழக்கை எடுக்கவே மறுத்தது. மூன்று நீதிபதிகள் மட்டும், இது கவலைக்குரியது என்று ஆட்சேபித்து எழுதி வைத்தார்கள்.

ஆனால் அந்த விதியிலும் ஓட்டை இருக்கிறது. சின்ன ஊர்க் கடையில் இருப்பதே ஒரு பார்மஸிஸ்ட். 'இன்னொருவர்' என்றால் யார்? ஆட்சேபிப்பவருக்குத் துணையாக ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைப்பதற்குப் பதில், அவரையே அனுப்பிவிடுவதுதான் முதலாளிக்கு லாபம். மெக்ரெகர் மாதிரி ஊரில் மனசாட்சிக்கும் இடமில்லை, மாத்திரைக்கும் உத்தரவாதமில்லை. ஒன்று அவர் வேலை, இல்லையென்றால் அந்த அம்மாவின் 160 கிலோமீட்டர்.

அட்லாண்டிக்கைத் தாண்டி பிரான்ஸுக்குப் போனால் இத்தனை சுற்றி வளைப்பு இல்லை. போர்தோ நகரத்துக்குப் பக்கத்தில் சாலபெஃப் என்ற கிராமம். 1995 ஜூனில், டாக்டர் சீட்டோடு வந்த 3 பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை தர மறுத்தார்கள் கடையை நடத்திய இரண்டு பார்மஸிஸ்ட்கள். ஆளுக்கு 5,000 ஃபிராங்க் அபராதம். அப்பீல், தோல்வி. மேல் அப்பீல், தோல்வி. கடைசியாக ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்டுக்குப் போனார்கள். 2001 அக்டோபரில் அங்கே விசாரணைக்கே ஏற்கவில்லை. இந்த மருந்து சட்டப்படி விற்பது, டாக்டர் சீட்டுக்குத் தருவது, மருந்துக்கடையைத் தவிர வேறு எங்கும் கிடைக்காதது. அப்படியிருக்க உங்கள் நம்பிக்கையை வாடிக்கையாளர் மீது திணிக்க முடியாது, அதை வெளிப்படுத்தக் கடைக்கு வெளியே எத்தனையோ வழி இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

'வேறு எங்கும் கிடைக்காதது' என்ற இடத்தைக் கவனியுங்கள். லைசென்ஸ் என்பது அதுதானே? 'நீ மட்டும்தான் விற்கலாம்' என்று அரசாங்கம் கொடுத்த ஏகபோகம். பெட்டிக்கடைக்காரர் சிகரெட் விற்க மாட்டேன் என்றால் அடுத்த பெட்டிக்கடை இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் கதவைச் சாத்தினால் சட்டமே சாத்தின மாதிரி.

சரி, மருந்துக்காரருக்கு மனசாட்சியே கூடாது, அரசாங்கம் சொன்னதைச் செய்ய வேண்டியதுதான் என்று ஒரே போடாகப் போட்டுவிடலாமா?

நம்ம வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். எமர்ஜென்ஸி. 1976-77-ல் ஒரே வருஷத்தில் இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை ஆபரேஷன்கள். மாநிலத்துக்கு இத்தனை, மாவட்டத்துக்கு இத்தனை என்று கோட்டா. வட மாநிலங்களில் பள்ளிக்கூட வாத்தியார்களும் அரசாங்க குமாஸ்தாக்களும்கூட ஆள் பிடித்து வர வேண்டும். பிடித்து வராவிட்டால் சம்பளம் நிற்கும். கத்தியைப் பிடித்த டாக்டர்களிலும், பேப்பரில் கையெழுத்துப் போட்ட குமாஸ்தாக்களிலும், 'இது தப்பு, என்னால் முடியாது' என்று மனசுக்குள் முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள். அப்படிச் சொல்லி ஒதுங்க ஒரு சட்டம் அன்றைக்கு இருந்திருந்தால்? அமெரிக்காவிலும் 1973-ல், அலபாமாவில் 12, 14 வயது கறுப்பினச் சகோதரிகள் இருவருக்கு அரசாங்கப் பணத்தில் நடக்கும் கிளினிக் மூலமாகவே கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டார்கள். படிக்கத் தெரியாத அம்மா ஒரு காகிதத்தில் எக்ஸ் குறி போட்டார், அதுதான் சம்மதம்! அன்றைக்கு அந்த கிளினிக்கில் ஒரே ஒரு நர்ஸ் 'மாட்டேன்' என்று அடம் பிடித்திருக்கக் கூடாதா என்றுதான் இன்றைக்குத் தோன்றுகிறது.

வித்தியாசம் ஒன்று இருக்கிறது. எமர்ஜென்ஸியில் எதிரே இருந்தவர் 'வேண்டாம்' என்று கதறினார். மெக்ரெகரில் எதிரே இருந்தவர் 'வேண்டும்' என்று கேட்டார்.

மனசாட்சி பேச்சே எழாமல் கருத்தடைச் சாதனம் விற்ற காலமும் நம்மிடம் உண்டு. 1968-ல் மத்திய அரசாங்கம் நிரோத்தை அறிமுகம் செய்தபோது, கிராமம் கிராமமாகக் கொண்டுபோக அதனிடம் ஆள் இல்லை. டீத்தூள், சோப்பு, சிகரெட், பாட்டரி செல் விற்கும் பெரிய கம்பெனிகளைக் கூப்பிட்டுத் தலையில் கட்டியது. 3 எண்ணம் 15 பைசா. டீத்தூள் ஆர்டர் எடுக்கப் போன ரெப்ரஸன்டேடிவ் பையிலிருந்து நிரோத் டப்பாவையும் எடுத்து வைத்தார். 'உங்கள் மதம் என்ன, ஆட்சேபணை உண்டா?' என்று அவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. டார்கெட் கேட்டிருப்பார்கள்!

நம்ம தமிழ்நாட்டில் மதம் குறுக்கே வராமலே மாத்திரை காணாமல் போன கதை ஒன்று உண்டு. அவசரக் கருத்தடை மாத்திரைக்கு டாக்டர் சீட்டு தேவையில்லை என்பது மத்திய அரசின் விதி. 2007 வாக்கில் டி.வி.யில் விளம்பரம் எல்லாம் வந்தது. ஆனால் பல வருஷங்கள், சென்னையில் மெடிக்கல் ஷாப் மெடிக்கல் ஷாப்பாக ஏறி இறங்கினாலும் கிடைப்பது குதிரைக்கொம்பு. தடை எதுவும் கிடையாது என்று அதிகாரிகள். வைத்தால் வம்பு என்று கடைக்காரர்கள். 'என் நம்பிக்கைக்கு விரோதம்' என்று அந்த மெக்ரெகர்காரராவது காரணத்தைச் சொன்னார். இங்கே 'ஸ்டாக் இல்லை ஸார்', அவ்வளவுதான். கோர்ட்டுக்குப் போகக்கூட ஒரு வாக்கியம் மிஞ்சாது.

இந்த மாதிரிக் கட்டுரையைப் படிக்கும் இளைஞர்கள், இது பெண்கள் விவகாரம் என்று பக்கத்தைப் புரட்ட நினைக்கலாம். மெக்ரெகரில் கிழிந்தது ஆணுறை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்ட்டரில் அவமானப்பட்டது யார், வழக்குப் போட்டது யார், சாட்சிக் கூண்டில் ஏறி ஊர் முன்னால் படுக்கையறைச் சமாசாரத்தைச் சொன்னது யார்? நாமெல்லாம் ஒரு சாதாரண ஆணுறை பாக்கெட் வாங்கவே, கடையில் லேடீஸ் யாரும் இல்லையே என்று நாலு தடவை எட்டிப் பார்த்து, நடுவில் ஒரு கிரோசின், ஒரு இருமல் மிட்டாய் எல்லாம் கேட்டு, அது பத்திரமாகப் பேப்பரில் சுற்றப்பட்ட பிறகுதான் மூச்சு விடுகிற வீரர்கள்!

அமெரிக்காவில் சண்டை மெல்ல வேறு பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. அவசர மாத்திரையில் ஒரு வகையை 2006-லேயே 18 வயதானவர்களுக்குச் சீட்டில்லாமல் தரலாம் என்றார்கள். 2013-ல் வயது வரம்பும் போயிற்று. 2023 ஜூலையில், தினசரி கருத்தடை மாத்திரை ஒன்றுக்கே சீட்டு வேண்டாம் என்று அனுமதி வந்து, 2024 மார்ச்சில் கடைகளுக்கு வந்துவிட்டது. ஷாம்பு, பற்பசை மாதிரி அலமாரியில் இருக்கும். எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்ளலாம். எழுதித் தர நர்ஸும் வேண்டாம், எடுத்துத் தர பார்மஸிஸ்ட்டும் வேண்டாம்.

பென்சில்வேனியாவில் ஷிப்பன்ஸ்பர்க் என்று ஒரு பல்கலைக்கழகம். அங்கே மாணவர்கள் ஆரோக்கிய மையத்துக்குள் ஒரு விற்பனை மிஷினை வைத்திருந்தார்கள். 25 டாலரைப் போட்டால் அவசர மாத்திரை வந்து விழும். 2012-ல் இது பத்திரிகைகளில் வெளிவந்ததும் நாடே அமர்க்களப்பட்டது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை விசாரித்துப் பார்த்துவிட்டு, நடவடிக்கை எதுவும் தேவையில்லை என்று சொல்லிவிட்டது.

சிவிஎஸ் நர்ஸின் பிரச்னையை இந்த மிஷின் தீர்த்துவிடும். சீட்டு எழுத வேண்டாம் அல்லவா? மெக்ரெகர் அம்மாவின் பிரச்னையைத் தீர்க்காது. அவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது சீட்டு இருந்தால் மட்டுமே கிடைக்கிற வேறொரு வகை மாத்திரை. அதற்கு இன்னமும் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்றாக வேண்டும்.